இடிதாங்கியை இறக்கியவன்

எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியும். பேச வராது. தோட்டத்துத் தொரை ஏதாவது கேட்டால் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பேன். ஆனால் மோட்டாரின் முதுகில் அடித்திருக்கும் தகட்டை எழுத்துக் கூட்டி வாசித்து, எத்தனை வோல்ட், எந்தப் பக்கம் சுற்றும், எதைத் தொடக் கூடாது என்று சொல்லிவிடுவேன். மடுல்சீமைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில், தேயிலை ஃபேக்டரியில், இருபத்திரண்டு வருடம் எலக்ட்ரிக் வேலை பார்த்தது அந்தப் படிப்பை வைத்துத்தான். ஃபேக்டரியை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். லயத்தில், எங்கள் வரிசை வீடுகளில், யாருக்காவது ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டு வந்தால், மருந்துப் பெட்டியில் ஏதாவது போட்டிருந்தால், என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். நானும் பெரிய மனுஷன் மாதிரி கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் விட்டுக்கொண்டு வாசிப்பேன். எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமே உண்டு. வாசிக்கத் தெரியாதவனாக இருந்திருந்தால் இதை எழுதவேண்டிய தேவை வந்திருக்காது.

ஸ்டோரை மூடியது ஒரே நாளில் அல்ல. முதலில் ஒரு ஷிஃப்டை நிறுத்தினார்கள். பிறகு கொழுந்தை லாரியில் ஏற்றி வேறு தோட்டத்து ஸ்டோருக்கு அனுப்பத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு ஒரு நாள், மெஷின்களையும் தகரத்தையும் பழைய இரும்புக்காரர் ஒருவர் எடுத்துக்கொள்ளப் போகிறார் என்று பெரட்டில், காலையில் பேர் பதிகிற இடத்தில், சொன்னார்கள். நான் அதற்கு முந்தியே பதுளை டவுனுக்கு வந்து, மோட்டாருக்குக் கம்பி சுற்றும் சின்னக் கடை ஒன்றைப் போட்டிருந்தேன். கட்டடத்தைக் கழற்றும்போது கரண்ட் வேலை தெரிந்த ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். போனேன்.

லயத்தில் என் அண்ணி இருந்தார். அண்ணன் சீனி வியாதியில் கால் எடுத்து, அதோடு ஒரு வருடம் கிடந்து செத்தவர். அந்த ஒரு வருடத்தில் நான் எத்தனை தடவை போய்ப் பார்த்தேன் என்று யாராவது கேட்டால் ஒரு கை விரல் போதும். கடை, வேலை, பஸ் இல்லை என்று ஆயிரம் சாக்கு. அண்ணி ஒரு நாளும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி மனதை ஆற்றியிருப்பேன். அவர் ஸ்டோரில் தூள் சலிக்கிற பகுதியில் வேலை செய்தவர். வெள்ளிக்கிழமைகளில் ரோதமுனிக்கு விளக்கு வைத்ததும் அவர்தான்.

ரோதமுனியைத் தோட்டத்துக்கு வெளியே பலருக்குத் தெரியாது. ரோதை என்றால் சக்கரம். ஸ்டோர் இருக்கிற இடத்தில் சக்கரம் சுற்றும். சக்கரம் சுற்றுகிற இடத்தில் கை போகும், தலைமுடி மாட்டும், சேலை சிக்கும். அதையெல்லாம் பார்த்துக்கொள்ளத்தான் அந்த முனி. எங்கள் ஸ்டோருக்குப் பக்கத்தில், மரத்தடியில், மூன்று கல்லும் ஒரு பழைய பல்சக்கரமுமாக அவர் இருந்தார். புது மெஷின் ஏதாவது வந்தால் தேங்காய் உடைக்காமல் ஓட்டமாட்டோம். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாகூட சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வந்து நிற்பார்.

ஸ்டோர் போகிறது என்றதும் முனியை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. அந்த இடத்தைக் கம்பி வேலி போட்டு அடைக்கப்போகிறார்கள். லயத்துக்கு மேலே, மாவிளக்குப் போடுகிற மேட்டில் அவரை வைத்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்தார்கள். ஆனால் ரோதமுனி கல்லோடு மட்டும் வரமாட்டார். அவர் குடியிருந்த ஸ்டோரின் இரும்பில் ஏதாவது ஒன்று கூடவே வரவேண்டும், அதுதான் வழக்கம். பல்சக்கரத்தைக் கொண்டுபோகலாம் என்றால், இரும்புக்காரரின் ஆட்கள் எங்களைக் கேட்காமலே அதை முதல் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். ரோலர் எல்லாம் போய்விட்டது. எல்லாரும் சத்தம் போட்டுக்கொண்டு நிற்கும்போது அண்ணி கூரையைப் பார்த்தார்.

அங்கே இடிதாங்கி நின்றது. எங்கள் பக்கம் சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி விழுந்தால் மலையே பிளக்கிற மாதிரி விழும். தேயிலை மலையில் இடி விழுந்து ஆள் செத்திருக்கிறது, மாடு செத்திருக்கிறது. ஸ்டோருக்குள் ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை. அது முனியின் வேலை என்று எங்கள் ஆட்கள் நம்பினார்கள். இடிதாங்கியின் வேலை என்று நான் சொல்வேன். இரண்டும் ஒன்றுதானே என்று அண்ணி சொல்வார். உச்சியில் நிற்பது அவருடைய ஆயுதம்தான், அதையே இறக்கிக் கொடுங்கள் தம்பி என்று அவர் கேட்டார். எனக்கு அது பெரிய சந்தோஷமாக இருந்தது. அண்ணனுக்குச் செய்யாததை எல்லாம் இந்த ஒன்றில் செய்துவிடலாம் என்று ஒரு நினைப்பு. டீமேக்கர் ஐயாவும் இரும்புக்காரரின் ஆளும் சரி என்றார்கள். நான் ஸ்பேனரையும் அரத்தையும் இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினேன்.

சாதாரண இடிதாங்கி என்றால் ஒரு கூர்க் கம்பி, அவ்வளவுதான். இது அப்படி இல்லை. நடுவில் ஈட்டி, அதன் கழுத்தில் ஒரு வட்டத் தட்டு, தட்டின் விளிம்பில் சின்னச் சின்னத் துண்டுகளாக ஏதோ பதித்திருந்தது. நான் வேலைக்கு வருவதற்கு முந்தி யாரோ தொரை காலத்தில் வெளிநாட்டிலிருந்து தருவித்தது. கீழே நின்று பார்த்தால் வேல் மாதிரிதான் தெரியும். போல்ட்டைக் கழற்றி மடியில் வைத்தபோது தட்டுக்கு அடியில் ஒரு தகடு இருந்தது. நெருப்புப் பெட்டி அளவு. மஞ்சள் போய் வெளிறியிருந்தது. மூன்று இதழ் விசிறி மாதிரி ஒரு படம். அதற்குக் கீழே இங்கிலீஷ்.

நான் வாசித்தேன். கதிரியக்கப் பொருள், தொடக் கூடாது, கழற்றினால் தயாரித்தவருக்கு அறிவிக்கவும் என்று இருந்தது. புரியாமல் போயிற்று என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழி இல்லை. ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

கூரையின் மேல் குந்திக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தேன். இதே படத்தை எக்ஸ்ரே எடுக்கும் அறையின் கதவில் பார்த்திருக்கிறேன். அங்கே சனம் உள்ளே போய் வெளியே வந்துகொண்டுதானே இருக்கிறது என்று ஒரு பக்கம் தோன்றியது. இத்தனை வருடம் வெயிலிலும் மழையிலும் கிடந்ததில் இனி என்ன மிச்சம் இருக்கப்போகிறது என்று இன்னொரு பக்கம். ஆனால் உண்மையான காரணம் இரண்டுமில்லை. கீழே தப்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் குலவை போடத் தயாராக நின்றார்கள். அண்ணி ஒரு தாம்பாளத்தில் சிவப்புத் துணி விரித்து இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டிருந்தார். இவ்வளவு பேர் முகத்துக்கு முன்னால் இது வேண்டாம் என்று சொல்லி இறங்க எனக்கு மனம் வரவில்லை. தகடு பார்க்க அசிங்கமாக இருந்தது, சாமிக்கு எதற்கு இது என்று எனக்கே சொல்லிக்கொண்டு, இடுப்பிலிருந்த அரத்தால் இரண்டு ரிவெட்டையும் அராவினேன். தகட்டைக் கூரையின் பின்பக்கம் எறிந்தேன். அது சாக்கடைக் கானில் விழுந்து தண்ணீரோடு போயிற்று.

குலவைச் சத்தம் என் காதை அடைத்தது. அண்ணி தாம்பாளத்தை நீட்டியபோது, அவர் கண் கலங்கியிருந்தது. அண்ணன் செத்த அன்றுகூட நான் அவரை அப்படிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று வருடம், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், மேட்டில் ரோதமுனிக்குப் பூசை. பூசை என்றால் அண்ணி அரைகுறையாகச் செய்யமாட்டார். காலையில் அந்தத் தட்டைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேங்காய் நாரால் தேய்ப்பார். விளிம்பில் பதித்திருந்த துண்டுகளில் கறுப்பு ஏறியிருந்ததால் அவற்றுக்கு மட்டும் கூடுதல் தேய்ப்பு. தேய்த்துக் கழுவி, மஞ்சள் பூசி, பால் ஊற்றுவார். வழிகிற பாலை அடியில் ஒரு பித்தளைச் செம்பில் பிடித்து, லயத்துச் சனத்துக்கு உள்ளங்கையில் விடுவார். மிச்சம் சரிவில் இறங்கி அண்ணியின் கீரைப் பாத்திக்குப் போகும். இந்த விவரமெல்லாம் எனக்குத் தெரியும். எப்போதாவது போகும்போது நானே பார்த்திருக்கிறேன், நானும் வாங்கிக் குடித்திருக்கிறேன். அண்ணனின் மகள் அந்தப் பாலை ஒரு வெள்ளியும் தவறவிட்டதில்லை. கல்யாணமாகி ஏழு வருடம் பிள்ளை இல்லாதவள். புருஷன் கொழும்பில் கடையில் நிற்கிறான். மாதத்துக்கு ஒரு தடவை வருவான். முனிக்கு நேர்ந்துகொண்ட பிறகுதான் அவள் வயிற்றில் தங்கியது. லயம் முழுக்க அதே பேச்சு. என்னைக் கண்டதும், நீங்கள் இறக்கிக் கொடுத்த சாமிதான் சித்தப்பா என்று சிரித்தாள்.

போன வருடம் பண்டாரவளையில் ஒரு பழைய பங்களாவைத் தங்குவிடுதியாக மாற்றுகிறார்கள் என்று வயரிங் வேலைக்குப் போனேன். கூரையில் அதே இடிதாங்கி. அதே ஈட்டி, அதே வட்டத் தட்டு. கழற்றட்டுமா என்று கேட்டதற்கு உரிமையாளர், கிட்டவே போகாதே, அதற்குக் கொழும்பிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்றார். கையிலெடுத்த ஸ்பேனரைத் திரும்பப் பையில் போட்டேன்.

வந்தவர் ஓர் அதிகாரியம்மா. முக்காடு போட்ட, தமிழ் பேசுகிற முஸ்லிம் பெண். என்னைவிட இருபது வயது குறைவு இருக்கும். கதிரியக்கச் சாமான்களைப் பார்க்கிற அரசாங்க அலுவலகத்தில் வேலை. கையில் இரண்டு அடுக்கு உறை, முகத்துக்கு மூடி. கையடக்கமான ஒரு கருவியைத் தட்டுக்குக் கிட்டே கொண்டுபோனபோது அது கீச் கீச்சென்று கத்தத் தொடங்கியது. எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னார். கழற்றிய தலையைப் பைக்குள் பை போட்டு, கனமான ஒரு டப்பாவில் வைத்து மூடினார். நான் ஏதோ பொழுதுபோகக் கேட்கிறவன் மாதிரி, இதில் அப்படி என்ன இருக்கிறது மேடம் என்று கேட்டேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார். எங்கோ வெளிநாட்டில் அணுவுலையில் எரித்து முடித்த சரக்கிலிருந்து எடுக்கிற பொருளாம் அது. இடியை இழுக்கும் என்று நம்பி ஒரு காலத்தில் இடிதாங்கியில் வைத்து உலகம் முழுக்க விற்றார்களாம். பெரிய பிரயோசனமில்லை என்று பிறகுதான் கண்டுபிடித்தார்களாம். நம் நாட்டில் அணுவுலையே கிடையாது, ஆனால் அதன் கழிவு நம் கூரைகளில் ஏறி உட்கார்ந்திருக்கிறது பாருங்கள் என்றார். பாதியாகக் குறைய நானூறு வருடத்துக்கு மேல் ஆகுமாம். இத்தனை வருடத்தில் இனி என்ன மிச்சம் இருக்கப்போகிறது என்று கூரையில் நினைத்த என் புத்தியை அங்கேயே செருப்பால் அடிக்கலாம் போல இருந்தது.

கூரையில் கிடக்கும்வரை பெரிய ஆபத்தில்லையா என்று கேட்டேன். ஆமாம், தூரத்தில் இருந்தால் ஒன்றுமில்லை. தேய்ப்பதும், தேய்ந்த தூள் வாய் வழியாக உள்ளே போவதும்தான் பிரச்சினை, போனால் எலும்பில் உட்கார்ந்துகொள்ளும், சுலபத்தில் வெளியே வராது என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். இது மாதிரி வேறு எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

அவர் ஒரு துண்டுக் காகிதத்தில் தன் நம்பரை எழுதிக் கொடுத்தார். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மிச்ச வயரிங்கை முடிக்காமலே பஸ் ஏறினேன்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். பசறையில் பஸ் மாறும்போதும், ரோட்டு முடிந்து நடக்கும்போதும், எப்படித் தொடங்குவது என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். போய்ச் சேர்ந்தபோது பூசை முடியும் நேரம். அண்ணன் மகள் மேட்டில் நின்றாள். ஐந்து மாதம், வயிறு நன்றாகத் தெரிந்தது. என்னைக் கண்டதும் அம்மாவுக்குக் குரல் கொடுத்தாள். அண்ணி செம்போடு என் பக்கம் வந்தார். தேய்த்த கை சிவந்திருந்தது. என் உள்ளங்கையில் பால் விட்டார். பக்கத்திலேயே அவள் கையில் விட்டார்.

நான் கையை வாய்க்குக் கொண்டுபோனேன். உதட்டில் படாமல், குனிந்த மாதிரி குனிந்து, விரல் இடுக்கால் பாலைக் கீழே விட்டேன். ஈரக் கையைத் தலையில் துடைத்துக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை. அவள் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு, ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

தட்டிவிட்டிருக்கலாம். பூச்சி விழுந்திருக்கிறது என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். பொய் எனக்கு வராத விஷயமா? இது விஷம் என்று வாய் திறந்தால், அடுத்த கேள்வி என்ன வரும் என்று எனக்குத் தெரியும். நீங்கள்தானே இறக்கினீர்கள், உங்களுக்குத்தானே வாசிக்கத் தெரியும், அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லையா? அந்த ஒரு கேள்விக்குப் பயந்தேன். சூதானமாக இரு தாயி என்று அவள் தலையைத் தடவிவிட்டு, அண்ணி போட்ட தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, இரண்டு மணி பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு இன்னும் மூன்று வெள்ளிக்கிழமை போயிற்று. ஒவ்வொரு வெள்ளியும் கடையில் உட்கார்ந்து கம்பி சுற்றுவேன். காலை பத்து மணி ஆகும்போது எண்ணிக்கை தவறும், பிரித்துத் திரும்பச் சுற்றுவேன். வருகிற ஆட்கள்மேல் எரிந்து விழுந்தேன். எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும் என்று டவுனில் எல்லாருக்கும் தெரியும், அதனால் யாரும் ஒன்றும் நினைக்கவில்லை.

மூன்றாவது வெள்ளிக்கு மறுநாள், மடுல்சீமை பஸ் கண்டக்டர் கடைக்கு வந்து ஒரு சோடாப் போத்தலைக் கொடுத்துவிட்டுப் போனார். வாயில் துணி கட்டியிருந்தது. பத்து நிமிடத்தில் அண்ணன் மகள் ஃபோன் பண்ணினாள். சித்தப்பாவுக்கு இருமல் விடவில்லை என்று கேள்விப்பட்டாளாம். முனிக்கு ஊற்றிய பால், கெட்டுப்போகிறதுக்குள் குடித்துவிடுங்கள் என்றாள். நீ குடித்தாயா என்று கேட்டேன். எனக்கு விட்டதில் பாதியைத்தான் உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன் என்று சொன்னாள்.

போத்தல் மேசைமேல் இருந்தது. அதைக் கொட்டவும் முடியவில்லை, பார்த்துக்கொண்டு இருக்கவும் முடியவில்லை. தன் வயிற்றுப் பிள்ளைக்கென்று வாங்கியதில் பாதியை எனக்கு அனுப்பியிருக்கிறாள். மத்தியான வெயிலில் கடைக் கதவைச் சாத்திவிட்டு, மனிதன் அழக் கூடாத மாதிரி அழுதேன். அழுதது பெரிய காரியமில்லை, அழுதால் யாருக்கும் ஒன்றும் குறையாது. முகத்தைக் கழுவிக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்து நம்பரை அடித்தேன். அவர் எடுத்ததும் லயத்தில் ஒன்று இருக்கிறது மேடம் என்றேன். பால் ஊற்றிக் குடிக்கிறார்கள் என்றேன். எந்தத் தோட்டம், எத்தனை பேர் என்று கேட்டார். அதற்குப் பிறகு, இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள், நான் வருகிறேன் என்றார். நான் அண்ணியைக் கூப்பிட்டு, சாமி விஷயமாகக் கொழும்பிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், அதுவரைக்கும் யாரும் அதைத் தொடவேண்டாம், பால் குடிக்கவேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அண்ணி காரணம் கேட்கவில்லை. சரிங்க தம்பி என்றார்.

மூன்றாம் நாள் வேனில் வந்தார்கள். நானும் வேனிலேயே போனேன். லயம் முழுக்க வாசலில் நின்றது. அந்தக் கருவி முனியின் கல்லில் கத்தியது. செம்பில் கத்தியது, தேய்க்கிற தேங்காய் நாரில் கத்தியது, கீரைப் பாத்தியில் மெதுவாகக் கத்தியது. அதிகாரியம்மா ஒவ்வொன்றையும் பையில் போட்டு மூடினார். மண்ணைத் தோண்டிப் பீப்பாயில் நிரப்பினார்கள். கீரையை வேரோடு பிடுங்கினார்கள். ஒரு சில பேர் கொதித்தார்கள். சாமியைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள், நம்ம சனம் என்பதால்தானே இப்படி என்று ஒரு பெரியவர் கத்தினார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. அதைத் தாங்கவேண்டிய ஆள் அந்த அம்மா அல்ல.

எல்லாருடைய சிறுநீரையும் போத்தலில் வாங்கிக்கொண்டார்கள். அண்ணி ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லவில்லை. டப்பாவை மூடுவதற்கு முன்னால் மட்டும் ஒரு கற்பூரம் காட்டிக்கொள்ளலாமா என்று கேட்டார். பத்தடி தள்ளி நின்று காட்டச் சொன்னார் அதிகாரியம்மா. தானும் ஒதுங்கி நின்றார். கற்பூரம் அணைந்ததும் அண்ணி இதை எங்கே வைப்பீர்கள் என்று விசாரித்தார். கொழும்புக்குப் பக்கத்தில், பூட்டி வைக்கிற ஓர் இடம், உள்ளே ஒருவரும் போகமாட்டார்கள் என்று பதில் வந்தது.

“அங்க வெள்ளிக்கெழமைக்கு யாராச்சும் வெளக்கு வைப்பாங்களாங்க?” என்றார் அண்ணி.

அந்த அம்மா குனிந்து டப்பாவின் மூடியைத் திருகினார். பிறகு பொதுவாக எல்லாரையும் பார்த்து, இதில் எச்சரிக்கைத் தகடு ஒன்று அடித்திருக்க வேண்டுமே, யாராவது கண்டீர்களா என்று கேட்டார். லயம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. இறக்கியவன் நான், வாசிக்கத் தெரிந்தவனும் நான்.

“ஒண்ணும் இல்லீங்க மேடம்” என்றேன்.

டப்பாவில் வைக்கும்போதே அவர் ரிவெட் இருந்த இரண்டு ஓட்டையையும் பார்த்திருப்பார். அதைச் சுற்றி அரம் இழுத்த கோடு தெளிவாக இருக்கும். என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, ஏதோ எழுதிக்கொண்டார். அவர் அன்றைக்கு என்னை நாலு பேர் முன்னால் பிடித்துக் கேட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

முடிவு வர இரண்டு மாதமாயிற்று. அண்ணியின் உடம்பில் ஏறியிருக்கிறது, தேய்த்தவர் அவர். மற்றவர்களில் சிலருக்குக் கொஞ்சம். அண்ணன் மகளுக்கும் கொஞ்சம். இதனால் என்ன ஆகும் என்று கேட்டால், ஒன்றும் ஆகாமலும் இருக்கலாம், வருடா வருடம் வந்து பார்க்கவேண்டும் என்றுதான் டாக்டர் சொன்னார். வயிற்றிலிருக்கிற பிள்ளையைப் பற்றி அதைவிடக் குறைவாகத்தான் அவரால் சொல்ல முடிந்தது. அவள் மிச்ச மாதங்களை அந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டுதான் கழித்தாள்.

லயம் என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. டவுனில் ஒரு இடத்தில் பார்த்துவிட்டு ஓடி வந்து சொன்ன மனிதன் என்று என்னைப் பற்றிப் பேச்சு. திருவிழாவில் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். வேண்டாம் வேண்டாம் என்று ஒப்புக்குச் சொல்லிவிட்டுக் கழுத்தைக் குனிந்து கொடுத்தேன். அதை நினைத்தால் இப்போதும் கழுத்து எரிகிறது.

பிள்ளை பிறந்தது. பெண். பதுளை ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்துவிட்டு, இப்போதைக்கு ஒரு குறையுமில்லை என்று அனுப்பினார்கள். முப்பதாம் நாள் சேனை வைக்கக் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரியில் பிறந்த உடனே எதுவும் கொடுக்கக் கூடாது என்று மிட்வைஃப் சொன்னதால் தள்ளிப் போட்டிருந்தார்கள். சேனை என்றால், சீனித் தண்ணியில் விரலைத் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் ஒரு துளி வைப்பது. வைக்கிறவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அதனால் யார் வைப்பது என்று ஒவ்வொரு வீட்டிலும் யோசித்து யோசித்துத்தான் தீர்மானிப்பார்கள். வேறு யாரோ வைக்கப்போகிறார்கள், நான் சும்மா சாப்பிட்டுவிட்டு வரலாம் என்றுதான் போனேன்.

லயத்து வீட்டின் காம்பராவுக்குள் அண்ணியும் அவளும் மட்டும் இருந்தார்கள். அண்ணி என் கையில் கிண்ணத்தைக் கொடுத்தார். எனக்குப் புரியவில்லை. அவள் பிள்ளையை மடியில் சரித்து, வாயைத் துடைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“நீங்கதான் வைக்கணும் சித்தப்பா. உங்கள மாதிரி, பயப்படாம உள்ளதச் சொல்ற பிள்ளையா வரட்டும்.”

விரலைச் சீனித் தண்ணியில் வைத்துவிட்டேன். பிள்ளை வாயைத் திறந்துகொண்டு தேடியது. அண்ணி, மெதுவாக வையுங்கள் என்றார். விரல் பாதி தூரம் போயிற்று. அதற்குமேல் போகவில்லை.

“நான் அதப் படிச்சேம்மா” என்றேன். “இடிதாங்கியில தகடு இருந்துச்சு. தொடக் கூடாதுன்னு போட்டிருந்துச்சு. கழட்டுன அன்னிக்கே படிச்சேன். நான்தான் அரத்தால அராவி வீசினேன்.”

வெளியே சமையலுக்கு விறகு பிளக்கிற சத்தம் கேட்டது. அவள் பிள்ளையின் வாயைத் துடைத்த துணியை மடித்தாள், திரும்ப விரித்தாள். அழுவாள் என்று நினைத்தேன், திட்டுவாள் என்று நினைத்தேன். என்னை அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

“எனக்கு அஞ்சு மாசத்துல வந்தீங்களே ஒரு வெள்ளிக்கெழம. அன்னிக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“அம்மா உங்க கையிலயும் பாலு விட்டாங்க. நீங்க குடிச்சீங்களா?”

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

அவள் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அண்ணி என் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். சீனித் தண்ணியைக் கானில் கொட்டினார். கிண்ணத்தை இரண்டு தடவை கழுவி, திரும்ப உள்ளே வந்து, புதிதாகச் சீனி போட்டுக் கரைக்கத் தொடங்கினார்.